கத்தரிக்காய்ச் சம்மதம்

இனிமேல் இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் என் பேரில் ஒரு காரியமும் நடக்கக்கூடாது. திங்கட்கிழமை காலையில் இப்படி ஒரு சபதம் போட்டேன். காரணம், என் மனைவி பூமாரி காபியோடு சேர்த்துக் கொடுத்த செய்தி.

“எங்கம்மாவுக்கு மூட்டுவலி சரியாயிட்டு. வெள்ளிக்கிழமை கோமதியம்மனுக்கு நீங்க மொட்டை போடணும்.”

“நான் எதுக்குட்டி போடணும்?”

“உங்க தலையத்தான் நேந்திருக்கேன். கேட்டுட்டுத்தான் நேந்தேன். ‘ம்’னீங்க.”

நாற்பத்திரண்டு வயதில் என் தலையில் மிஞ்சியிருக்கும் முடிகளுக்குத் தனித்தனியாகப் பேர் வைக்கலாம். அவ்வளவுதான் இருக்கிறது. ஆக, இது எனக்குத் தலையாய பிரச்சினை.

இணையதளங்களில் ஓட்டை அடைப்பதுதான் என் வேலை. சங்கரன்கோவிலில் வீட்டு மாடியில் இருந்தபடியே அடைப்பேன். அதனால் அவளுக்கு விளக்கினேன்.

“நீ பேங்க் சைட்டுல லாகின் பண்ணி வச்சிருக்கே. இன்னொரு பக்கம் எவன் சைட்டுலயோ சேலைப் படம் பாக்கே. படத்தைத் தொட்டதும் பின்னாடியே உன் பேர்ல பேங்குக்கு ஒரு உத்தரவு போகும். நீதான் சொன்னேன்னு நம்பி பேங்கு பணத்தை அனுப்பிரும். உனக்குத் தெரியவே தெரியாது. வேலை நினைப்புல நான் சொன்ன ‘ம்’மும் அப்படிப் போனதுதான்.”

“அதுக்கு என்ன செய்வீங்க?”

“உத்தரவோட ஒரு ரகசியச் சொல்லும் வரணும். இல்லன்னா செல்லாது. இனி இங்கனயும் அதேதான். என் வாயில ‘கத்தரிக்காய்’னு வந்தாத்தான் சம்மதம். அது வராம மொட்டை கிடையாது.”

ஏன் கத்தரிக்காய்? எனக்கு அது கட்டோடு பிடிக்காது. பிடிக்காததன் பேரை எவன் வாயால் சொல்லுவான்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

“சரிங்க” என்று போய்விட்டாள் பூமாரி. பதினாறு வருஷத்தில் அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஆபீஸ் மீட்டிங். காதில் ஹெட்போன், கண் திரையில். அவள் வந்து நின்று ஏதோ கேட்டாள். குழம்பு என்கிற ஒரு சொல்தான் எனக்குக் காதில் விழுந்தது.

“எதையாவது வை. கத்தரிக்காய் மட்டும் வேண்டாம்.”

மீட்டிங் முடிந்து கீழே வந்தால், வாசுதேவநல்லூரில் இருக்கும் என் மாமியாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்மா, சம்மதிச்சுட்டாங்க. காலைல முதல் பஸ்ல வந்துரு.”

“நான் எப்பட்டி சம்மதிச்சேன்?”

“‘நாளைக்கு மொட்டை போட்டுட்டு வந்து சாப்பிட என்ன குழம்பு வைக்க’ன்னு கேட்டேன். கத்தரிக்காய்னு சொன்னீங்க.”

“வேண்டாம்னும் சொன்னேம்லா?”

“அது குழம்புக்கு. கத்தரிக்காய் மொட்டைக்கு.”

வெள்ளிக்கிழமை மத்தியானம், தலை நிறையச் சந்தனத்தோடு இலை முன்னால் உட்கார்ந்தேன். மூட்டுவலி போன மாமியார் குனிந்து நிமிர்ந்து பரிமாறினார்.

“மாப்பிள வாயைத் திறந்து கத்தரிக்காய்னு கேட்டீங்களாம்லா” என்று சொல்லி, குழம்பை இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றினார்.