எல்லாத்தையும் சுருட்டிய அண்ணாச்சி

வெளிச்சத்துக்கும் முதுகு வலிக்கும் என்று நம்பிய ஒரே மனிதர், இந்தத் தாமிரபரணிக் கரை முழுவதிலும் சுருட்டு அண்ணாச்சிதான். ஒரு சுருட்டை வாயில் வைத்தறியாதவர். ஆனால் வண்ணார்பேட்டையில் இருந்த எங்கள் கேபிள் ஆபீசுக்கு வந்து அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்றுதான் பதில் வரும். ஒரு தடவை அந்தப் பதிலை அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இன்டர்நெட்டுக்கு இழுக்கிற ஃபைபர் கேபிளுக்குள் இருப்பது தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சம் ஓடுகிறது. அதை வளைக்கலாம், மடிக்கக் கூடாது. மடித்தால் வெளிச்சம் ஒழுகிவிடும். வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கும்போது, நாளைக்கு எங்காவது அறுந்தால் ஒட்டுப்போட வேண்டுமே என்று கேபிளைக் கொஞ்சம் கூடுதலாக விடுவோம். அந்த மிச்சத்தை மற்ற ஆட்கள் கொடிக்கயிறு மாதிரிக் கட்டி டிவிக்குப் பின்னால் தொங்கவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர் அதில் ஈரத் துண்டைக் காயப்போடுவார். பிறகு நெட் வரவில்லை என்று போன் போட்டு என் பரம்பரையையே இழுப்பார். ஆபீசில் அந்தப் போனை எடுப்பதுதான் என் வேலை.

அந்த மிச்சக் கேபிள் குடியிருக்க ஒரு பெட்டி செய்வது அண்ணாச்சியின் லட்சியம். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல், சுவரில் மாட்டினால் கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும். இடியாப்பத் தட்டு, சாம்பார் வாளி மூடி, பழைய ஃபேனின் வலை எல்லாவற்றையும் வைத்துச் செய்து பார்த்தார். அவர் வீட்டம்மா உயிரோடு இருந்தவரை அடுக்களையில் காணாமல்போன எதையாவது தேடிக்கொண்டேதான் இருந்தார். கடைசியில் தகரத்தில் ஒரு பெட்டி அமைந்தது. உள்ளே இரண்டு வட்டக் கட்டைகள். கேபிளை லைசென்சுக்கு எட்டுப் போடுகிற மாதிரி ஒன்றில் இடதாகவும் அடுத்ததில் வலதாகவும் சுற்ற வேண்டும். அப்போதுதான் அது முறுக்கிக்கொள்ளாதாம்.

இது முற்றி, எதையும் மடிக்க முடியாத வியாதியாக ஆகிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்ட மாட்டார். பேப்பரைச் சுருட்டித்தான் வைப்பார். ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்து இலையையும் பாய் மாதிரிச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தார். பெண்ணின் தகப்பனார் அதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டில் என்ன குறை என்று கை கழுவும் இடம் வரைக்கும் பின்னாலேயே வந்தார். அண்ணாச்சி அவருக்குக் கண்ணாடி இழையைப் பற்றி விளக்கிச் சொன்னார். மனிதர் இன்னும் கோபமாகிவிட்டார்.

மாஞ்சோலை எஸ்டேட்டில் சில வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்க, வேறு கையாள் கிடைக்காமல் நானும் அவரும் பஸ்ஸில் போனோம். கேபிள் சுருளை மடியில் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். மலை ஏறியதும் ஒவ்வொரு வளைவுக்கும் டிரைவரிடம், "அண்ணாச்சி, பைய வளைங்க. உள்ள வெளிச்சம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, இவருக்கு எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறீர்கள் என்று விசாரித்தார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு முட்டி வலி வந்தது. போஸ்டில் ஏற முடியவில்லை. ஏறாத ஆளுக்குக் கம்பெனியில் என்ன வேலை? எங்கள் மேனேஜர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். சென்னைத் தலைமை ஆபீஸ் அந்தப் பெட்டியை ஒத்துக்கொண்டால், அண்ணாச்சி உட்கார்ந்த இடத்தில் பெட்டி செய்துகொண்டு இருக்கலாம். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டிலோ அவரைத் தவிர யாரும் கிடையாது. ஒரே மகளை ஏரலில் கட்டிக்கொடுத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் குத்தகை முடிந்து எஸ்டேட்டை மூடியதால் மாஞ்சோலை ஜனங்கள் மலையை விட்டு இறங்கினார்கள். ஆட்கள் அவிழ்த்துப் போட்ட கேபிளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கம்பெனி அண்ணாச்சியை அனுப்பியது. போகும்போது தான் செய்து வைத்திருந்த பெட்டிகளையும் எடுத்துப் போனார். திரும்பி வந்தவர் கேபிள் சுற்றிய பெட்டிகளை ஸ்டோரில் இறக்கினார். பிறகு என்னிடம், "சாமான் செட்டெல்லாம் போயிட்டுலே. செவுத்துல ஆணி மட்டும் இருக்கு" என்றார். கொண்டுவந்த பெட்டிகளை ஸ்டோர் அலமாரியில் தட்டு அடுக்குகிற மாதிரி அடுக்கி வைத்துவிட்டுப் போனார். அறையை அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டிய கேபிள் ஓர் அலமாரித் தட்டுக்குள் அடங்கிவிட்டது. வினையே அங்கேதான் பிடித்தது.

சரக்குச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து போன் வந்தது. மாஞ்சோலைக் கேபிள் எங்கே என்று கேட்டார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னார்: "அண்ணாச்சி எல்லாத்தையும் சுருட்டிட்டாரு சார்."

மறுநாளே ஓர் அதிகாரி வந்து இறங்கினார். ஸ்டோரைத் திறந்தார். காலி அறை. பெட்டியைப் பார்க்கத்தான் தலைமை ஆபீசிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"மாஞ்சோலைக் கேபிளைச் சுருட்டினது நீங்கதானா?" என்றார் அதிகாரி.

"நாந்தான் சார்."

"எவ்வளவு காலமா இது நடக்குது?"

"வேலைக்குச் சேந்த நாள்லேருந்து சுருட்டுதேன் சார்."

"கூட யாரெல்லாம்?"

அண்ணாச்சி பெருமையாக என் பக்கம் கையை நீட்டினார். "இவனுக்கும் சொல்லிக்குடுத்தேன் சார். ஆனா இவனுக்குக் கை வரல."

நான் ஓடிப்போய் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, சார், சுருட்டினது என்றால் இந்தச் சுருட்டுதான் என்று விளக்கினேன். அதிகாரிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. நாங்கள் ஓயட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "ஒரு தடவ தொறந்து பாருங்க சார்."

"நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார் அதிகாரி. அவர் திறக்கவில்லை. டீ வந்தது. கிளாசை அந்தப் பெட்டிமேல் வைத்துக்கொண்டே, இனி எல்லா ஊருக்கும் பிளாஸ்டிக் பெட்டி கம்பெனியே அனுப்பப்போகிறது, இந்தத் தகரமெல்லாம் தேவைப்படாது என்று மேனேஜரிடம் சொன்னார். திருட்டுப் பழி நீங்கிவிட்டது. வேலையும் அதோடு போய்விட்டது.

பெட்டிகளைப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டார்கள். அண்ணாச்சி ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். மகள் வீட்டுக்குப் புறப்படும் அன்று காலையில் என் வீட்டுக்கு வந்து, டிவிக்குப் பின்னால் தொங்கிய கேபிளை அவிழ்த்து, பொறுமையாக எட்டுப் போட்டு அதற்குள் சுற்றிச் சுவரில் மாட்டினார். "ஏலே, இதுல துண்டைக் காயப்போட்டுராத" என்றார். காப்பி குடித்தார். ஏரல் பஸ்ஸைப் பிடிக்கக் காலை இழுத்து இழுத்து நடந்து போனார். அடுத்த மழைக்காலத்துக்கு அவர் இல்லை.

வீட்டில் எங்கள் கம்பெனி நெட் ரொம்ப மெதுவாகத்தான் வருகிறது. பிள்ளைகள் தினமும் என்னோடு சண்டை போடுகிறார்கள். வேறு கம்பெனி ஆள் ஒருவர் வந்து, அரை மணி நேரத்தில் புது லைன் போட்டுத் தருகிறேன், அந்தத் தகரப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்றார். வேண்டாம் தம்பி என்று அனுப்பிவிட்டேன். ஊருக்கெல்லாம் பெட்டி மாட்ட நினைத்தவருக்கு மிஞ்சியது இந்த ஒரு சுவர்தான். நெட் மெதுவாகவே வரட்டும், அண்ணாச்சி இங்கேயே இருக்கட்டும்.