சான்றுப் பானையைக் கலக்கிய நீர்நாய்

காலை பத்தரை மணி. ஒரு காட்டில், ஆலமரத்தடியில் நடந்த நீதிமன்றத்தில், முப்பத்தொரு விலங்குகள் ஒரே ஒரு பானையைச் சுற்றி நின்றன. அந்தப் பானையைத் தலையில் சுமந்து வந்த நீர்நாயின் பெயர் மாராத்தா.

பானையில் இருந்தது வெள்ளியோடைத் தண்ணீர். அன்றைக்கு அது ஊதா நிறத்தில் இருந்தது. முந்தின நாள் பச்சை. அதற்கு முந்தின நாள் என்ன நிறம் என்பதில் சாட்சிகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

ஓடையின் மேல்பக்கம் கழுதைப்புலி சென்னியப்பனின் சாயப்பட்டறை. காக்கை இறகுக்கு மயில் நிறம் ஏற்றித் தருவது அங்கே தொழில். கல்யாணக் காலத்தில் அக்கம்பக்கத்துக் காட்டுக் காக்கைகளெல்லாம் அங்கே வரிசையில் நிற்கும். இறகைச் சாயத்தில் முக்கி எடுத்த பிறகு மிச்சத் தண்ணீரை ஓடையில் திறந்துவிடுவார்கள். ஓடையின் கீழ்ப்பக்கம் மாராத்தாவின் வளை.

மாராத்தாவுக்கு நான்கு குட்டிகள் இருந்தன. இப்போது ஒன்றுதான் மிச்சம். அதன் பெயர் தேனு. தேனுவின் நாக்கு நீலமாக இருந்தது. வயிற்றுப் பக்கம் முடி கொட்டியிருந்தது. குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தது.

"என்னம்மா வேண்டும்?" என்று நீதிபதி யானை கேட்டது.

"குடிக்கத் தண்ணி வேணுமுங்க."

"அது புரிகிறது. நீதிமன்றத்திடம் என்ன பரிகாரம் கேட்கிறாய்?"

"அதேதானுங்க."

யானை பக்கத்திலிருந்த குடத்தில் தும்பிக்கையை விட்டு ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தது. அந்தக் குடம் மலைச்சுனையிலிருந்து தினமும் வருவது. சட்டப்படி அந்தச் சுனை நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. நீதிபதி குடிக்கலாம், ஊழியர்கள் குடிக்கலாம், காவலில் உள்ள கைதிகள் குடிக்கலாம். நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கும் எந்த உயிரும் தாகத்தால் சாகக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே விதி செய்திருந்தார்கள். பொறுப்பில் இல்லாத உயிர்களைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

பட்டறையின் வக்கீல் ஒரு மைனா. அது தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது.

"கனம் நீதிபதி அவர்களே, நிறம் வேறு, அழுக்கு வேறு. வானவில்லில் ஏழு நிறம் இருக்கிறது. யாராவது அதை அழுக்கு என்பார்களா?"

"வானவில்ல யாருங்க குடிக்கிறாங்க?" என்றது மாராத்தா.

"குறுக்க பேசப்படாது!" என்றது ஏட்டுக் கரடி.

அடுத்து மாசுக் கண்காணிப்பு அதிகாரியான கொக்கை அழைத்தார்கள். அது நடுநிலை தவறாமல் ஒற்றைக் காலில் நின்றபடி சாட்சி சொன்னது. "நான் பார்வையிட்ட அன்று ஓடை கண்ணாடி மாதிரி இருந்தது."

"எந்த நாள் போனீர்கள்?" என்று யானை கேட்டது.

"பட்டறைக்கு வார விடுமுறை நாளில். வேலை நாளில் போனால் அவர்களுக்கு வேலை கெடும். தவிர, அன்றைக்குத்தான் அவர்களால் எனக்கு வண்டி அனுப்ப முடிகிறது."

யானைக்குக் கோபம் வந்தது. அது நல்ல யானை. பதவியேற்ற நாளிலிருந்து ஒரு வாழைப்பழம்கூட யாரிடமும் வாங்கியதில்லை. காது இரண்டையும் விரித்து உத்தரவு போட்டது.

"இனி யாரையும் நம்புவதாக இல்லை. வெள்ளியோடைத் தண்ணீரை இந்த நீதிமன்றமே நேரடியாகக் கண்காணிக்கும். இந்தப் பானைக்கு அரக்கு முத்திரை வையுங்கள். என் கண் எதிரிலேயே நிழலில் இருக்கட்டும். இது சான்று. யாரும் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது. வழக்கு மழைக்குப் பிறகு."

கூட்டம் ஆரவாரம் செய்தது. பக்கத்து வளை முள்ளம்பன்றி பாவாத்தாளுக்குச் சந்தோஷத்தில் முள்ளெல்லாம் விரிந்துவிட்டது. "அடி மாராத்தா, செயிச்சுப்போட்டயே!"

"தண்ணி எங்கக்கா?"

"அதான் கோர்ட்டே பாத்துக்குதாமே. அதுக்குள்ள பறக்கறா பாரு."

மழைக்குப் பிறகு என்றால் மழை வர வேண்டும். அந்த ஆண்டு தாமதமாக வந்தது. மாராத்தா அதிகாலையில் புல்லில் இருக்கும் பனியை நக்கி, வாயில் தேக்கி, வளைக்குக் கொண்டுபோய் தேனுவின் வாயில் விட்டது. பனி இல்லாத நாள்களில் ஓடைத் தண்ணீர்தான். அது அன்றைக்கு என்ன நிறமோ அந்த நிறம்.

மழை முடிந்து வழக்கு வந்தது. ஏட்டுக் கரடி முத்திரையை உடைத்துப் பானையைத் திறந்தது. எல்லோரும் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள்.

தண்ணீர் தெளிந்திருந்தது. ஊதாவும் இல்லை, பச்சையும் இல்லை. யானை எட்டிப் பார்த்தபோது அதன் முகமே உள்ளே தெரிந்தது.

"யாராவது பானையைத் தொட்டார்களா?"

"ஒரு ஈ உக்காரலீங்க ஐயா" என்றது கரடி.

"ஏதாவது மருந்து போட்டார்களா?"

"நானே காவலுங்க. கண்ணு மூடல."

"அப்படியானால் இந்தத் தண்ணீருக்கு நடந்தது என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. யானைக்கு மட்டும் மெல்ல மெல்லத் தெரிந்தது. அதன் கண்கள் கலங்கின.

"கண்காணிப்பு" என்றது.

மைனா சட்டென்று எழுந்தது. அனுபவமுள்ள வக்கீல் அது. "கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர் நீதிமன்றத்தின் கண்காணிப்பை முழுமனதோடு வரவேற்கிறார்." பின்வரிசையில் கழுதைப்புலி சென்னியப்பன் எழுந்து நின்று இரண்டு முன்னங்கால்களையும் கூப்பியது.

"ஐயா, அடியில பாருங்க" என்று மாராத்தா கத்தியது. "சாயமெல்லாம் கீழ படிஞ்சு கெடக்குதுங்க. ஆட்டாம வெச்சா எந்தத் தண்ணியும் மேலால தெளியுமுங்க. நான் தண்ணியிலயே பொறந்தவ, எனக்குத் தெரியாதுங்களா?"

"அடிப்பகுதி இந்த மனுவின் வரம்புக்குள் வராது" என்றது மைனா.

"ஓடை இன்னிக்கும் ஊதாவாத்தானுங்க ஓடுது!"

யானை பரிவோடு சிரித்தது. "ஏனென்றால், அம்மா, ஓடை நீதிமன்றத்தில் இல்லை."

அன்றே இரண்டாவது உத்தரவு வந்தது. கீழ்ப்பக்கம் குடியிருக்கும் விலங்குகள் அனைத்தும் தங்கள் குடிநீரைப் பானைகளில் மொண்டுவந்து நீதிமன்றத்தின் கண்காணிப்பில் ஒப்படைக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை அவையும் சான்றுகளே.

விலங்குகள் சுமந்தன. காட்டுப்பன்றி குடும்பத்தோடு சுமந்தது. மான்கள் கொம்பில் உறி கட்டிச் சுமந்தன. ஆலமரத்தடியில் கால் வைக்க இடமில்லாமல் பானைகள் நின்றன. இரண்டு வாரத்தில் எல்லாம் தெளிந்தன. அடுத்த காட்டிலிருந்து நீதிபதிகள் வந்து பார்த்துவிட்டு, தங்கள் காட்டிலும் இதைக் கொண்டுவரப் போவதாகச் சொல்லிப் போனார்கள். கண்காணிப்புதான் இருக்கிறதே என்று சென்னியப்பன் இரண்டாவது சாயத்தொட்டி கட்டியது. குடிப்பதற்குத்தான் யாரிடமும் தண்ணீர் இல்லை.

மூன்றாவது முறை வழக்கு வந்தபோது மாராத்தா தேனுவை முதுகில் போட்டுக்கொண்டு வந்தது. தேனுவால் நிற்க முடியவில்லை.

"ஏட்டய்யா, அந்தச் சுனைத் தண்ணியில ஒரு வாய் குடுங்க. எனக்கில்லீங்க, புள்ளைக்கு."

கரடி அக்கம்பக்கம் பார்த்தது. "எனக்கு மட்டும் மனசு இல்லையாம்மா? நீ வெளியாள். குடுத்தா என் வேலை போயிரும்."

மாராத்தா கூண்டில் ஏறவில்லை. நேராகத் தன் முதல் பானையிடம் போனது. வாலை உள்ளே விட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, நன்றாகக் கலக்கியது.

அடியில் கிடந்ததெல்லாம் மேலே வந்தது. ஊதா, பச்சை, அதற்கு முந்தின நிறம் எல்லாம் சேர்ந்து பானை தார் போலக் கறுத்தது. நாற்றத்தில் கொக்கு தூக்கியிருந்த காலையும் கீழே ஊன்றிவிட்டது.

"இப்பப் பாருங்க ஐயா!" என்றது மாராத்தா. "இதத்தான் எம்புள்ள குடிக்குது!"

யானை பானையைப் பார்த்தது. மாராத்தாவின் வாலைப் பார்த்தது. மறுபடி பானையைப் பார்த்தது.

"நீதிமன்றத்தில் இருந்த தெளிந்த தண்ணீரை, நீதிமன்றத்தின் கண் எதிரிலேயே, ஒரு விலங்கு கெடுத்ததை இன்று நேரில் கண்டோம்" என்றது. "இத்தனை நாளாகத் தண்ணீரைக் கெடுப்பது யார் என்று தேடிக்கொண்டிருந்தோம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?"

"ஐயா, நான் வழக்குப் போட்டவளுங்க!"

"அது உன் குற்றத்தை இன்னும் கடுமையாக்குகிறது."

அந்தக் காட்டில் தண்ணீரை மாசுபடுத்தியதற்காகத் தண்டனை பெற்ற முதல் விலங்கு மாராத்தா. ஆறு மாதம் சிறை.

"உள்ள போட்ராதீங்க சாமி" என்று மாராத்தா அழுதது. "நான் பனி நக்கிக் குடுக்கலீன்னா புள்ள செத்துப்போயிருமுங்க." தாயில்லாமல் குட்டி இருக்க முடியாது என்பதால் இரக்கத்தின் பேரில் தேனுவையும் சேர்த்து உள்ளே அனுப்ப யானை உத்தரவிட்டது. அது நல்ல யானை என்று முன்பே சொல்லியிருக்கிறது.

கரடி கொட்டடியைத் திறந்து இரண்டையும் உள்ளே விட்டது. பிறகு விதிப்படி ஒரு குடம் சுனைத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தது. பிறகு, விதிப்படி, இன்னொரு குடம். "குட்டிக்குத் தனி" என்றது.

மாராத்தா குடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தேனு தலையை உள்ளே விட்டு, குடம் பாதியாகும்வரை எடுக்கவில்லை. வாந்தி வரவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பாவாத்தாள் பார்க்க வந்தது. ஆறுதல் சொல்லலாம் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தது. கம்பிக்கு உள்ளே தேனு புரண்டு விளையாடிக்கொண்டிருந்தது. நாக்கு சிவந்திருந்தது. வயிற்றில் புதுமுடி.

"இது உம்புள்ளயாடி?"

"ஆமாக்கா."

"அந்தக் கொடத்துல என்னது? நெறமே இல்லாம?"

"தண்ணியக்கா."

"தண்ணியா?" பாவாத்தாள் கம்பியில் மூக்கை வைத்து அழுத்திப் பார்த்தது. "எம்புட்டு நாளாச்சு பாத்து."

"ஒரு வாய் குடிக்கறயா?"

"கைதிக்குக் குடுத்தத நான் குடிச்சா தப்புடி" என்று சொல்லிவிட்டுப் பாவாத்தாள் திரும்பியது. நேராக ஆலமரத்தடிக்குப் போய், ஆள் இருக்கிறதா என்று பார்த்து, கனைத்து, ஏட்டுக் கரடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பானைக்குள் முள்ளை விட்டுக் கலக்கியது.

அடுத்த வாரம் நீதிமன்றத்தின் முன்னால் நின்ற வரிசை ஓடைவரை நீண்டது.

"முண்டாதீங்க! ஒருத்தருக்கு ஒரு பானை!" என்று கரடி கத்தியது. "கலக்குனவங்க அப்படியே எடது பக்கமாப் போங்க. அம்மா, நீ கலக்குனது சரியாக் கலங்கல, இன்னொரு சுத்து சுத்து."

காட்டுப்பன்றிக் குடும்பத்தில் சண்டை வந்தது. தாயோடு குட்டிகள் போகலாம், தகப்பன் தனியாகக் குற்றம் செய்தாக வேண்டும். "குடும்பத்துக்காக உன்னால ஒரு குத்தம் பண்ண முடியாதா?" என்று பெண்பன்றி எல்லோர் முன்னாலும் கேட்டது. ஆண்பன்றி வெட்கப்பட்டுக்கொண்டே கலக்கியது.

இரண்டாவது சாயத்தொட்டியின் கசிவு சென்னியப்பனின் சொந்தக் கிணற்றுக்குள் இறங்கியது இந்தச் சமயத்தில்தான். அதன் குட்டிகளின் நாக்கும் நீலமாயிற்று. பானையைக் கலக்கப் போன கழுதைப்புலியை மைனா இழுத்துப் பிடித்தது. "முதலாளி, அந்தப் பானைகள்தான் நம் பக்கத்துச் சான்று. அதைக் கெடுத்தால் வழக்கே போய்விடும்."

கழுதைப்புலி கூண்டில் ஏறிக் கும்பிட்டது. "ஐயா, ஓடையக் கெடுத்தது நானுங்க. தொட்டி ரெண்டும் என்னுதுங்க. ஒத்துக்கறேன். குடும்பத்தோட உள்ள போட்ருங்க."

யானை தலையை ஆட்டியது. "உங்கள் மீதான வழக்கு நிலுவையில் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை நீங்கள் நிரபராதி. அதை மாற்ற உங்களுக்கே உரிமை இல்லை."

"அப்பத் தண்ணிக்கு எங்கீங்க போறது?"

"நிரபராதிகளுக்கு விதியில் தண்ணீர் இல்லை."

மாராத்தாவின் ஆறு மாதம் முடிந்தது. ஒரு நாள் காலை வெளியே வந்தது. கரடி வாசலிலேயே ஒரு பானையை எடுத்து வைத்திருந்தது. மாராத்தா வாலை விட்டுக் கலக்கிவிட்டு உள்ளே போனது. தேனு வெளியே வரவே இல்லை, தூங்கிக்கொண்டிருந்தது.

கீழ்ப்பக்கம் குடியிருப்போர் யாரும் இப்போது ஓடையில் தண்ணீர் குடிப்பதில்லை என்றும், அதனால் புகார் ஒன்றுகூட வரவில்லை என்றும் கொக்கு அறிக்கை கொடுத்தது. இதைக் கண்காணிப்பின் வெற்றியாக நீதிமன்றம் பதிவு செய்துகொண்டு, வழக்கை மறுபடி மழைக்குப் பிறகு தள்ளிவைத்தது.

ஆனி மாதக் கடைசியில் நீதிபதி யானை பணி ஓய்வு பெற்றது. கரும்பு மாலை போட்டு வழியனுப்பினார்கள். ஏட்டுக் கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுனைக் குடத்தை உள்ளே எடுத்து வைத்தது.

ஆடி பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு, ஓய்வுபெற்ற நீதிபதி யானை ஆலமரத்தடிக்கு வந்து, கடைசியாக மிஞ்சியிருந்த பானைக்குள் தும்பிக்கையை விட்டுக் கலக்கியது. கைது செய்யப்பட்டது.

நீதி: நல்ல குடிநீர் வேண்டுவோர் வழக்குத் தொடுத்துக் காலத்தை வீணாக்க வேண்டாம். அதே வழக்கில் குற்றவாளியாகச் சேர்ந்துகொள்ளவும்.