ஒரு கண் மட்டும் குடித்திருந்தது

"இன்னாங்க இது, ஒரு கண்ணு குடிச்சிருக்கு, ஒரு கண்ணு குடிக்கல?" என்றாள் பாக்கியவதி, கையில் கேசரிக் கரண்டியோடு.

தனகோட்டி கண்ணாடிக்கு முன்னால் தன் முகத்தைத் தானே நம்பாமல் நின்றிருந்தார். வலது கண் அவருடைய சொந்தக் கண். வெள்ளை வெளேரென்று இருந்தது. இடது கண், நேற்றுச் சாயங்காலம் டப்பாவில் வந்த புதுச் செயற்கைக் கண். அது நாள் கணக்கில் சாராயக்கடையிலேயே குடியிருந்தவனின் கண்ணைப் போலச் சிவந்து கிடந்தது. போதாக்குறைக்குக் குழியில் சரியாக உட்காராமல் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"புதுச் செருப்பு மாதிரிதான். போட்டுப் பழகினா உக்காந்துடும்," என்றார்.

"அது உக்கார்றது இருக்கட்டும். வெங்கடம்மா வந்து உக்காரப்போற நேரம் இது. இன்னா சொல்லப்போறீங்க?"

வெங்கடம்மா என்றால் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பக்கம் குடிகாரர்கள் சந்து மாறிப் போவார்கள். மதுவிலக்குப் பெண்கள் சங்கத்தின் தலைவி. அவருடைய மகன் வினய்யும் தனகோட்டியின் மகள் ராதிகாவும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் விடியற்காலை ரயிலில் இடம் பிடித்துக் கொடுத்துப் பழகி, கடைசியில் மனத்திலும் இடம் பிடித்துவிட்டார்கள். வெங்கடம்மா ஜாதகம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. குடிக்கிற வீட்டில் சம்பந்தம் கிடையாது என்று ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார். அதையும் தன் மூக்காலேயே மோந்து பார்த்துத் தெரிந்துகொள்ள இன்று வருகிறார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தனகோட்டி வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இருமல் மருந்தில் ஏதாவது கலந்திருக்குமோ என்று பயந்து துளசியை மென்றே காலம் தள்ளியவர்.

"எந்தக் கண்ணைப் பாத்துங்க இதைச் செஞ்சாங்க?" என்றாள் பாக்கியவதி.

"இந்த நல்ல கண்ணைப் பாத்துத்தான். அச்சு அசல் அதே மாதிரி செய்வாங்க."

அவர் சொன்னது உண்மைதான். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் நடந்தது. பெங்களூரிலிருந்து வந்த லவினா மேடம், பல் செட்டுக்கு அச்செடுப்பது போலக் கண்குழியில் பசையை விட்டு அச்செடுத்தார். மெழுகில் ஒன்று செய்து மாட்டிப் பார்த்தார். பிறகு அக்ரிலிக்கில் வார்த்து, கருவிழியைத் தூரிகையால் வரைந்தார். வெள்ளை விழியில் நரம்பு வேண்டுமே, அதற்குச் சிவப்புப் பட்டு நூலை இழை இழையாகப் பிரித்து ஒட்டினார். அதன்மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு. பட்டறையில் இரும்புத் தூள் தெறித்துக் கண்ணை இழந்த நாளிலிருந்து, தன் முகத்துக்காக ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டு அவர் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்து டப்பா கொடுக்கும்போதுதான் கரண்ட் போனது. இருட்டில், தள்ளுமுள்ளில், யாரோ ஒருவர் அவர் கையில் டப்பாவைத் திணித்தார்.

"அய்யோ," என்றார் தனகோட்டி திடீரென்று. "அன்னிக்கு சயனைடு மேட்டுக் காத்து. என் கண்ணு செவந்து கெடந்திருக்கும். அதைப் பாத்து நூல் ஒட்டிட்டாங்க."

தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய அந்த மண் மேட்டிலிருந்து காற்றடித்தால் கோலார் தங்கவயலே கண்ணைக் கசக்கும்.

"காத்தடிக்கிற நாளாப் பாத்தா கண்ணு செய்யப் போவாங்க?" என்று பாக்கியவதி தலையில் அடித்துக்கொண்டாள். "கூலிங் கிளாஸ் போட்டுக்குங்க."

"வீட்டுக்குள்ள கூலிங் கிளாஸ் போட்டவன் குடிச்சவன்தான்னு வெங்கடம்மா மேடையிலயே பேசிகீறாங்க."

பாக்கியவதி பக்கத்து வீட்டு ரோனியைக் கூப்பிட்டாள். ரோனிக்கு மருந்துக்கடையில் வேலை. ஆகவே அவர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் பேட்டையில் பாதிப் பேருக்கு அவர்தான் டாக்டர்.

"இது ஒரு மேட்டரா?" என்று ரோனி ஸ்பிரிட் பாட்டிலோடு வந்தார். "கழட்டிக் குடுப்பா. ஒரே தொடைப்பு."

"சோப்புத் தண்ணி தவிர எதுவும் கூடாதுன்னு மேடம் சொன்னாங்களே."

"எல்லா மேடமும் அப்டித்தான் சொல்லுவாங்க."

ரோனி பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, குத்துவிளக்கைத் தேய்ப்பது போலத் தேய்த்தார். சிவப்பு நூல் பூச்சுக்குள்ளே பத்திரமாக இருந்தது. பூச்சுதான் போனது. பளபளப்பு மங்கி, கண் முழுக்கப் புகை படிந்தது. முன்பு குடித்த கண்ணாக இருந்தது, இப்போது குடித்து மயங்கிய கண்ணாகிவிட்டது.

"பழைய கண்ணு இன்னா ஆச்சு?" என்று ரோனி மெதுவாகப் பேச்சை மாற்றினார்.

பழைய கண், ஆஸ்பத்திரியில் பெட்டியிலிருந்து பொறுக்கிக் கொடுத்த ரெடிமேட் கண். புதுசு வரப்போகிறது என்றதும் பாக்கியவதி அதை வாசலில் தொங்கும் திருஷ்டி பொம்மையின் நெற்றியில் ஒட்டிவிட்டிருந்தாள். ஊர்க் கண்ணுக்கு எதிராக நிஜக் கண்ணே காவல் இருக்கட்டும் என்பது அவள் கணக்கு. ரோனி ஸ்டூல் போட்டு ஏறிப் பிய்த்துக்கொண்டு வந்தார். வெயிலில் காய்ந்து அது மஞ்சளாகியிருந்தது. கழுவி மாட்டியதும் பாக்கியவதி இரண்டடி பின்வாங்கினாள்.

"கழட்டுங்க, கழட்டுங்க. செவப்புன்னா நேத்து குடிச்சீங்கன்னு நெனப்பாங்க. மஞ்சள்னா குடிச்சிக் குடிச்சி ஈரலே போச்சுன்னு நெனப்பாங்க."

மறுபடி சிவப்புக் கண்ணே உள்ளே போனது. இப்போது ரோனிக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வருவதுதான் அந்தத் தெருவின் கஷ்டமே.

"ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளைன்னா சந்தேகம் வரும். ரெண்டும் செவப்புன்னா? தூசின்னு உட்டுருவாங்க."

சாம்பாருக்கு அரிந்து வைத்த வெங்காயத்தை எடுத்து, தனகோட்டி வேண்டாம் என்பதற்குள் நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் பிழிந்தார். கண் சிவந்தது. கூடவே குடம் குடமாகக் கொட்டவும் ஆரம்பித்தது. மூக்கும் சேர்ந்து ஒழுகியது. இருந்த ஒரே பார்வையும் போய், தனகோட்டி கையால் துழாவித் துண்டைத் தேடினார். துண்டு கிடைக்கவில்லை, மூடாத ஸ்பிரிட் பாட்டில் கிடைத்தது. அது சாய்ந்து புதுச் சட்டையின் மார்பு முழுக்க நனைந்தபோது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"ஏலக்கா மெல்லுப்பா, வாசனை அமுங்கும்," என்று ரோனி ஒரு பிடியை அவர் வாயில் அடைத்தார்.

வெங்கடம்மா வாசற்படி ஏறும்போது கண்ட காட்சி இதுதான். சட்டையில் ஸ்பிரிட், வாயில் ஏலக்காய், இரண்டு கண்ணும் சிவப்பு. அந்தக் கோலத்தில் ஒரு மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்து, முன்னறைத் தூணைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க," என்று தூணிடம் சொன்னார்.

உள்ளறைக் கதவிடுக்கில் நின்ற ராதிகா முகத்தை மூடிக்கொண்டாள். வினய் தன் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான். வெங்கடம்மாவின் கணவர் கிருஷ்ணப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவர் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார்.

"இவருக்கு வெளிச்சம் கூசுது," என்று வெங்கடம்மா முந்திக்கொண்டு சொன்னார். பிறகு மூச்சை ஆழமாக இழுத்தார். "இது இன்னாங்க வாசனை?"

"மருந்து," என்றாள் பாக்கியவதி.

"காலங்காத்தால மருந்து, அதுக்கு மேல ஏலக்கா. நான் பாக்காத ஏலக்காயா?"

தான் செய்யாத ஒன்றுக்காகத் தன் பெண்ணின் வாழ்க்கை கண்ணெதிரே நழுவிப் போவதைப் பார்க்கத் தனகோட்டியால் முடியவில்லை. இத்தனை வருஷத்தில் வெளியார் யாருக்கும் அவர் தன் கண்குழியைக் காட்டியதில்லை. கூச்சம். இன்று அந்தக் கூச்சத்தை விழுங்கிவிட்டு, இமையைத் தாழ்த்திக் கண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"பாருங்கம்மா. இது செஞ்ச கண்ணு. இதுல கீறது நூல். நான் குடிக்கிறவன் இல்ல."

வெங்கடம்மா அசரவில்லை. கேசரித் தட்டை நகர்த்திவிட்டுக் கண்ணைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நூலுதான். எதைப் பாத்து நூல் ஒட்டுனாங்க?"

"இன்னொரு கண்ணைப் பாத்து. அச்சு அசலா."

"அப்ப அந்தக் கண்ணு இப்டித்தானே இருந்துச்சு?"

"அது தூசிம்மா," என்றாள் பாக்கியவதி. "சயனைடு மேட்டுத் தூசி."

"எங்க சங்கத்துல வந்து மாட்டுறவன் பூராவும் தூசின்னுதான் சொல்றான். எங்க பக்கம் இல்லாத தூசியா? எங்க வீட்டுக்காரரு தெனமும் சாயங்காலம் மேட்டுப் பக்கம் காத்தாட நடந்துட்டு வராரு. கண்ணு செவந்துதான் வருது. அது மெய்யாலுமே தூசி. இவரும் அதே முகாம்லதான் கண்ணு வாங்குனாரு. அந்த மேடம் இவருக்கு எப்டிச் செஞ்சி குடுத்துகீறாங்கன்னு பாருங்க."

"வேணாம் வெங்கடம்மா, கூசுது," என்றார் கிருஷ்ணப்பா. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

வெங்கடம்மா அவருடைய கூலிங் கிளாஸை உருவினார். ஒரு கண், பால் போல வெள்ளை. நரம்பு நூல் ஒன்றிரண்டுதான், அதுவும் உற்றுப் பார்த்தால். சரியாக உட்காராமல் ஓரமாகத் திரும்பிக் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றக் கண் செக்கச் செவேலென்று இருந்தது.

"செவப்பா கீறது சொந்தக் கண்ணு, நேத்தி அடிச்ச தூசி," என்று விளக்கினார் வெங்கடம்மா. "வெள்ளையா கீறதுதான் மேடம் செஞ்சது. குடிக்காத மனுசன்னு பாத்ததுமே தெரிஞ்சிகினு செஞ்சிகீறாங்க. கண்ணு செய்யறவங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. பாத்ததைத்தான் செய்வாங்க."

ராதிகா வெளியே வந்துவிட்டாள். "எங்கப்பா குடிக்க மாட்டாருங்க அத்தை," என்றாள். குரல் உடைந்திருந்தது. தனகோட்டிக்கு இப்போது நிஜமாகவே அழுகை வந்தது. ஆனால் வெங்காயத்தோடு சேர்ந்து வந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"நீ நல்ல பொண்ணும்மா. அப்பாவை வுட்டுக்குடுக்க மாட்ட," என்று வெங்கடம்மா எழுந்தார். "ஆனா நான் கண்ணு சொல்றதைத்தான் நம்புவேன். கெளம்புங்க."

கிருஷ்ணப்பா எல்லோருக்கும் முன்னால் எழுந்து வாசலுக்குப் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். படியில் லவினா மேடம், தோளில் பையோடு மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"அப்பாடா, ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கீங்க," என்றார் லவினா. "சாம்பியன் ரீப்ஸ்ல உங்க வீட்டுக்குத்தான் போனேன் அங்கிள். ஸ்கெலட்டன்ல பொண்ணு பாக்கப் போயிருக்கீங்கன்னு சொன்னாங்க. நேத்து ராத்திரி நீங்க ரகசியமா போன் பண்ணிச் சொன்னப்புறம்தான் செக் பண்ணேன். கரண்ட் போன நேரத்துல டப்பா மாறிப்போச்சு. அதான் ரெண்டு பேருக்கும் சரியா உக்காரல."

கிருஷ்ணப்பா இரண்டு கைகளாலும் வேண்டாம், வேண்டாம் என்று ஜாடை காட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம் என்கிறார் என்று லவினா நினைத்துக்கொண்டு சிரித்தார்.

"இவர் கண்ணு எது மேடம்?" என்று தனகோட்டி கேட்டார்.

வெங்கடம்மாவின் உள்ளங்கையிலிருந்த சிவப்புக் கண்ணை லவினா எடுத்துத் துடைத்து, கிருஷ்ணப்பாவிடம் நீட்டினார்.

"இதுதான் அங்கிள் உங்களோடது, வெள்ளை அவரோடது. நீங்கதானே கேட்டீங்க, 'பொழுது சாஞ்சா என் நல்ல கண்ணு தெனமும் இந்தக் கலருக்கு வந்துரும், அதுக்குத் தக்கன நூல் போடும்மா, வீட்ல தூசின்னு சொல்லி வெச்சிருக்கேன்'னு."