கெமாவு மொழியின் கடைசி அசை

கெமாவு மொழியில் வினைச்சொல் எப்படி முடியும் என்பது சுமித்ராவுக்கு மனப்பாடம். வந்தது ஒருவரா, இருவரா, பலரா என்பதைக் கடைசி அசை சொல்லிவிடும். அந்த அசைகளை வைத்துத்தான், அது எந்த மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று அவள் தன் ஆய்வேட்டில் நிறுவ வேண்டும். இப்போது எந்த இலக்கணத்துக்கும் அடங்காத ஓர் அசை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

'ங்க'.

பப்புவா நியூ கினியாவின் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் சில நூறு பேர் பேசும் மொழி அது. இங்கே, அரியூர் நாடு என்ற மலையூரில், அவள் புகுந்த வீட்டு மிளகுத் தோட்டத்துக்கு மேலிருக்கும் பாறையில்தான் சிக்னல் கிடைக்கும். வாரந்தோறும் அங்கே தனியாக உட்கார்ந்து, பாவே என்ற பெரியவரிடம் வீடியோ காலில் இலக்கணம் கேட்பாள். அவர் மகள் லீனா போனைப் பிடித்துக்கொண்டு, இருவருக்கும் தெரிந்த நியூ கினியாப் பொதுமொழியில் விளக்கம் சொல்வாள்.

சந்தேகம் தீரட்டும் என்று சுமித்ரா இன்னும் நிறைய வாக்கியங்கள் கேட்டாள். வினைச்சொல்லில் மட்டும் இருந்த 'ங்க' பெயர்ச்சொல்லிலும் ஏறியது. பன்றிக்கும் 'ங்க', மழைக்கும் 'ங்க'.

ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் பூபதியிடம் சொன்னாள்.

"அக்கம்பக்கத்து மொழி எதுலயும் இப்படி ஒரு விகுதி இல்லம்மா. அப்ப இது தனிக்குடும்பம்! கருத்தரங்குல அறிவிச்சுடறேன்."

அறிவித்தும் விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டாள். குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மாமியார் பொன்னாயி நிமிர்ந்தாள்.

"ஏங்கண்ணு, இந்தப் பெரியவரு நம்ம பக்கத்து ஆளா? பேச்சுல அத்தன மரியாத."

சுமித்ரா ஒலிப்பதிவை நிறுத்தினாள். பழைய பதிவுகளைத் தேடிக் கேட்டாள். பெரியவர் சொல்லச் சொல்ல, "ஆமாங்க", "சரிங்க", "அப்படீங்களா" என்று ஒவ்வொன்றிலும் வாய்ப்பழக்கத்தில் ஒலித்தது அவளுடைய குரல்தான்.

மொழியைப் பதிவு செய்யப் போனவள், அதைக் கெடுத்து வைத்திருக்கிறாள்.

இனி வாயில் 'ங்க' வரக்கூடாது என்று முடிவெடுத்தாள். வீட்டிலும் விட்டால்தானே அங்கே வராமலிருக்கும்?

"சோறு உங்கலாமா கண்ணு?" என்று சாப்பிடக் கூப்பிட்டாள் பொன்னாயி.

"சரி."

பொன்னாயி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"எங்கம்மாகிட்ட மொட்டையா 'சரி'ங்கறயே, என்ன படிப்பு படிக்கிறே நீ?" என்றான் கணவன் சென்றாயன். அதற்குப் பிறகு அவனும் பேசவில்லை.

அந்தத் துக்கத்தோடுதான் அடுத்த வாரம் பாறைக்குப் போனாள். திரையில் பாவே முகமெல்லாம் சிரிப்பாக, "ஏனுங்க!" என்றார்.

"வேண்டாம்," என்றாள் சுமித்ரா பொதுமொழியில். "உங்கள் மொழியை மட்டும் பேசுங்கள். நானும் இனி அந்தச் சொல்லைச் சொல்லப்போவதில்லை."

லீனா அதை அப்பாவுக்குச் சொன்னாள். பெரியவர் எழுந்து போய்விட்டார். திரையில் வெறும் பெஞ்சு தெரிந்தது.

ஆய்வு அதோடு முடிந்தது என்றுதான் சுமித்ராவுக்குத் தோன்றியது. கண் நிறைந்துவிட்டது.

"அவருக்குக் கோபமா?"

"அழுகிறார்," என்றாள் லீனா. "எங்கள் மொழிக்காவது நாங்கள் சில நூறு பேர் இருக்கிறோம், அந்தப் பெண் பாவம் பாறையில் ஒற்றையாக உட்கார்ந்து பேசுகிறாள், அவளோடு அவள் மொழி செத்துவிடக் கூடாது என்றுதான் ஊர் முழுக்க 'ங்க' சொல்லிக்கொடுத்தார், இப்போது நீயே அதை விட்டுவிட்டால் எப்படி?"