மெர்வின் மாட்டிய தண்ணீர்த் தொட்டி

"இந்த வண்டியில இனிமே ஒரு வெளியாளோட ஸ்பானர் படாது. பட்டா என் பேரு மெர்வின் இல்ல."

ஆகஸ்ட் மாதம் முதல் திங்கட்கிழமை, டீக் கோப்பையைக் கையில் பிடித்தபடி மெர்வின் இப்படிச் சபதம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி கோரலி மட்டும்தான். அவள் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேற என்ன பேரு வெச்சுக்கப்போற? ஆறு எழுத்துல சொல்லு. இங்க ஒரு வரிசை காலியா இருக்கு."

இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? ஆஷ்பர்ட்டன் சுற்றுவட்டாரத்தில் நாற்பது வருஷம் ஆட்டுப் பண்ணைகளுக்கு வேலி போட்டவர். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு எட்டாம் நம்பர் கம்பி என்றால் தனிப் பெருமை. வேலிக்கு இழுக்கிற அந்தக் கம்பியில் ஒரு முழம் கையில் இருந்தால் உலகத்தில் எதையும் ரிப்பேர் பண்ணிவிடலாம் என்று ஒரு நினைப்பு. மெர்வினுக்கு அது நினைப்பு இல்லை, மதம். அவரிடம் ஒரு வீட்டு வண்டி இருந்தது. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்த நாற்பத்தொரு வயசு வண்டி. அதன் புகைக்குழாய் தொங்குவது அந்தக் கம்பியில்தான். அலமாரி மூடுவதும் அந்தக் கம்பியில். டிரைவர் கதவு திறக்க ஒரு கம்பி, மூட இன்னொரு கம்பி. கூரை ஒழுகினால் அவரே மேலே ஏறிப் பசை பூசுவார். ஒழுகல் நிற்காது, இடம் மாறும். கட்டில் மேல் விழுந்தது அடுப்பு மேல் விழும். "பாத்தியா, நகந்துடுச்சு" என்பார் பெருமையாக.

அப்படிப்பட்ட வண்டியைப் போன வாரம் ஒரு கராஜ்காரன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து, "இது வண்டியா, வேலியா?" என்று கேட்டுவிட்டான். கேட்கலாமா? ஒரு மனுஷன் நாற்பது வருஷ அனுபவத்தைக் கொட்டிக் கட்டிய வண்டியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? சபதத்துக்குக் காரணம் அதுதான் என்று அவர் காட்டிக்கொண்டார்.

உண்மைக் காரணம் வேறு. அதன் பெயர் வில்மா. கோரலியின் அக்கா.

செப்டம்பர் ஒன்றாம் தேதி மேற்குக் கரை ஆற்று முகத்துவாரத்தில் பொடிமீன் பருவம் தொடங்கும். கண்ணாடி நூல் மாதிரி இருக்கிற மீன். முட்டையில் கலந்து வெண்ணெயில் அடையாக வார்த்துச் சாப்பிட்டால், சாப்பிடுகிறவன் அப்புறம் கொஞ்ச நேரம் யாரிடமும் பேச மாட்டான். இரண்டே மாதப் பருவம். மெர்வின் மீதிப் பத்து மாதம் மூச்சு விடுவதே அந்த இரண்டு மாதத்துக்காகத்தான். அதில் மூன்று வருஷமாக வில்மா வந்து உட்கார்ந்துகொண்டாள். வண்டியைப் பின்னால் எடுத்தால் இறங்கி நின்று, "ஒடி, ஒடி, இன்னும் ஒடி, ஐயோ ஏன் ஒடிச்ச" என்பாள். அவருடைய மடக்கு நாற்காலியில் அவள்தான் உட்காருவாள். அதையாவது பொறுக்கலாம். போன வருஷம் மெர்வின் ஒன்பதடிக் கம்பு வலையோடு இடுப்பளவுக் குளிர்ந்த தண்ணீரில் நாலு மணி நேரம் நின்று ஒரு கிண்ணம் மீன் பிடித்தார். வில்மா மாவு சலிக்கிற சல்லடையைக் கரையோரம் ஒரு முக்கு முக்கினாள். அரை வாளி. அதுவும் மீன் பிடிக்க இல்லையாம், சல்லடையைக் கழுவினாளாம். இதை எந்த ஆண்பிள்ளை பொறுப்பான், நீங்களே சொல்லுங்கள்.

"அக்கா வேண்டாம்" என்று கோரலியிடம் நேராகச் சொல்லலாம்தான். சொல்லிவிட்டு அப்புறம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டுமே. அதனால் மெர்வின் சட்டத்தைத் துணைக்குக் கூப்பிட்டார்.

ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தித் தூங்க வேண்டுமென்றால் முன் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் வேண்டும். தன்னிறைவுச் சான்று. இந்த வண்டிக்காரர்கள் மூன்று நாளைக்குத் தண்ணீருக்கும் வெளியே வர மாட்டார்கள், கக்கூசுக்கும் வெளியே வர மாட்டார்கள் என்று ஒரு அதிகாரி வந்து சோதித்துக் கொடுப்பது. எத்தனை பேருக்கு என்பது அதிலேயே எழுதியிருக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர், மூன்று நாளைக்குப் பன்னிரண்டு. மூன்று பேருக்கு முப்பத்தாறு. வண்டியிலிருந்த பழைய தொட்டி நாற்பது லிட்டர். அந்த நாட்டில் ஜூலை, ஆகஸ்ட்தான் குளிர்காலம்; அந்தக் குளிரில் தொட்டி உறைந்து விரிசல் விட்டுவிட்டது. மெர்வினுக்குக் கடவுளே அனுப்பிய விரிசல். புதுசாக இருபத்தைந்து லிட்டர் தொட்டியை மாட்டினால் இரண்டே பேர்தான். வில்மா தானாகக் கழன்றுகொள்வாள். வெளியாள் எவனாவது வந்தால் "நாப்பதே மாட்டலாமே சார்" என்று வாயைத் திறந்துவிடுவான். சபதம் அதற்குத்தான்.

"இருபத்தஞ்சு லிட்டர்தான் பொருந்துது கோரலி" என்றார் புதன்கிழமை.

"பழசு நாப்பதாச்சே. அது எப்படிப் பொருந்துச்சு?"

"அது அந்தக் காலத்து லிட்டர்."

கோரலி பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்ப அக்கா?"

"நான் என்ன பண்ணட்டும்? ரெண்டு பேருக்குத்தான் தண்ணி. சட்டம்னா சட்டம்."

"அவ கொஞ்சமாத்தான் தண்ணி குடிப்பா."

"குடிக்கிற கணக்கு இல்ல தாயே, ஆள் கணக்கு. ரெண்டுன்னா ரெண்டு. பிரதமரே பெட்டியோட வந்து நின்னாலும் மூணாவது ஆள் அங்க படுக்க முடியாது."

"மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா?" என்று சொல்லி மெர்வின் முகத்தைக் கோப்பைக்குள் மறைத்துக்கொண்டார்.

கோரலி கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. "சரி" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் ஒரே வார்த்தையில் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. மனுஷன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டாமா? இல்லை. விசில் அடித்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.

அன்றைக்கே கோரலி ஒரு தட்டில் சீஸ் போட்ட ஸ்கோன் ரொட்டி எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"தொட்டிய எங்க வைக்கப்போற?"

"பழைய இடத்துலதான். கட்டிலுக்கு அடியில."

"அங்கதானே உறைஞ்சு வெடிச்சுது? கக்கூஸ் சுவத்துல வை. கை கழுவுற குழாயும் பக்கத்துல. பைப் மிச்சம்."

நல்ல யோசனைதான். ஆனால் மனைவி சொல்லிச் செய்ததாக இருக்கக்கூடாதே. "அதத்தான் நானும் நெனச்சேன்" என்றார்.

"பலமா ஒரு பெட்டி அடிச்சு அதுக்குள்ள வெச்சிடு. மலைப் பாதை. ஆடுச்சுன்னா பிச்சுக்கும்."

"வேலி போட்டவன்கிட்டயா பலத்தப் பத்திப் பேசற?"

"அதானே. உன்ன விட்டா யாரால முடியும்?"

போதாதா? பழைய பண்ணைக் கேட்டிலிருந்து கழற்றி வைத்திருந்த இரண்டு அங்குலப் பலகையை எடுத்தார். அறுத்தார், இழைத்தார், ஆணி அடித்தார், மேலே எட்டாம் நம்பர் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கினார். இரண்டு வாரம் ஆயிற்று. தண்ணீர்த் தொட்டி என்ன, உள்ளே ஒரு காளையை விட்டுப் பூட்டினாலும் அந்தப் பெட்டி அசையாது. கக்கூசுக்குள் முக்கால் அடி நீட்டிக்கொண்டிருந்தது. மெர்வின் கதவைத் திறந்து வைத்து வெளியே நின்றபடியே வேலை பார்த்தவர். வீட்டில் நல்ல கக்கூஸ் இருக்கும்போது வண்டியில் போய் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

ஆகஸ்ட் முப்பதாம் தேதி சோதனை அதிகாரி வந்தார். லெஸ்டர் என்று பெயர். ஒல்லியான மனிதர், இடுப்பில் அளவு நாடா, கையில் அட்டை. அவருக்கு முன்னாலேயே வில்மா ஒரு பெரிய பையோடு வந்து இறங்கிவிட்டாள். "உங்கள வழியனுப்பலாம்னு வந்தேன்" என்றாள். வழியனுப்புகிறவளுக்கு எதற்குப் பை என்று மெர்வின் கேட்கவில்லை. ஜெயித்தவருக்கு மனசு பெரிசாகிவிடும் இல்லையா. "பாவம் வில்மா, உனக்கு ஒரு டப்பா மீன் கொண்டுவர்றேன்" என்றார்.

லெஸ்டர் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். "இருபத்தஞ்சு லிட்டர். ரெண்டு பேருக்குத்தாங்க வரும்."

"ரெண்டே பேர்தான். நல்லா பெரிசா எழுதுங்க. வில்மா, கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு மெர்வின்."

"சட்டத்த மீற முடியாது பாரு."

"ஐயையோ, மீறவே கூடாது."

"இப்பக் கட்டில விரிங்க" என்றார் லெஸ்டர். விரித்தார்கள். "கட்டில் விரிச்சிருக்கறப்பவும் கக்கூஸ்ல உட்கார முடியணும். கதவு மூடணும். முழங்கை அசையணும். எங்க, போயி உட்காருங்க."

"இப்பவா?"

"உடுப்போடதான்."

மெர்வின் நேராகப் போனார். வயிறு போயிற்று, தோள் வரவில்லை. திரும்பிப் பின்பக்கமாகப் போனார். உட்கார்ந்தும் விட்டார், கதவு மூடவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தார், கதவு மூடியது. மூச்சை விட்டார், கதவு திறந்தது.

"முழங்கையும் அசையலையேங்க" என்றார் லெஸ்டர்.

"அங்க உட்கார்ந்து முழங்கைய எதுக்குய்யா அசைக்கணும்?"

"விதியில இருக்கு."

"நான் இத உபயோகிக்கவே மாட்டேன். புதர்ப் பக்கம் போய்க்கறேன்."

லெஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படிப் போனவங்களாலதாங்க இந்தச் சட்டமே வந்துச்சு."

"நான் உட்கார்ந்து பாக்கட்டுமா?" என்றாள் கோரலி. போனாள், உட்கார்ந்தாள், கதவு சத்தமில்லாமல் மூடியது. வெளியே வந்து, "அக்கா, நீயும் ஒரு தடவ" என்றாள். வில்மா போனாள். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, "சீட்டுக்கூட ஆடலாம் போலிருக்கே" என்று குரல் வந்தது.

"அப்ப உட்கார முடிஞ்ச இந்த ரெண்டு பேர்தான்" என்று எழுதி, லெஸ்டர் பச்சை ஸ்டிக்கரை எடுத்து முன் கண்ணாடியில் ஒட்டி, கட்டைவிரலால் நாலு மூலையும் தேய்த்தார்.

மெர்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. குறடை எடுத்துக்கொண்டு பெட்டியின் மேல் பாய்ந்தார். "ஒரு நிமிஷம் இருங்க. இதக் கழட்டிடறேன்."

"ஒட்டினப்புறம் எதக் கழட்டினாலும் சான்று செல்லாதுங்க. அடுத்து நான் இந்தப் பக்கம் வர்றது நவம்பர்ல." பருவம் முடிவது அக்டோபரில். லெஸ்டர் கோரலி நீட்டிய ஒரு ஸ்கோனை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

மெர்வின் குறடோடு நின்றார். அறுபத்தாறு வயதில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அநியாயம், பச்சை அநியாயம்.

"நீ வேணும்னே பண்ணியிருக்க" என்றார்.

"நான் என்ன பண்ணேன்?"

"கக்கூஸ் சுவத்துல வைன்னது யாரு? பெட்டி அடின்னது யாரு?"

"அதத்தான் நானும் நெனச்சேன்னியே."

"நான் உள்ள நுழைய மாட்டேன்னு உனக்குத் தெரியும்."

"முப்பத்தெட்டு வருஷமா உனக்கு ஸ்வெட்டர் பின்றேன் மெர்வின். வருஷா வருஷம் எத்தன கண்ணி கூடுதுன்னு எனக்குத் தெரியாதா? அதுவும் இந்தக் காலத்து அங்குலத்துல."

"இருபத்தஞ்சு லிட்டர வெச்சு எனக்கே தண்ணி காட்டிட்டியே."

"தண்ணிய மொதல்ல கொண்டுவந்தது நீ. 'உங்க அக்கா வேண்டாம், நாம ரெண்டு பேரும் போகலாம்'னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே அவகிட்டச் சொல்லியிருப்பேன். நீ என்னடான்னா எனக்கு லிட்டர் கணக்கு சொல்லித் தர்ற." இதைச் சொல்லும்போது மட்டும் கோரலி சிரிக்கவில்லை.

மெர்வின் குரலை உயர்த்தினார். "வண்டிய யாரு ஓட்டுவா? அது என் கைக்கு மட்டும்தான் அடங்கும்."

"அக்கா ஓட்டுவா. மூணு வருஷமா பின்னால நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருக்கா."

மறுநாள் காலை வில்மா டிரைவர் கதவை ஒரு கம்பியால் திறந்து ஏறினாள், இன்னொரு கம்பியால் மூடினாள். கேட் வழியாக வண்டியை ஒரே எடுப்பில் பின்னால் எடுத்தாள். "ஒடி, ஒடி" என்று கத்திக்கொண்டே மெர்வின் கூட ஓடினார். ஒடிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு வரவில்லை. மெர்வினின் ஒன்பதடிக் கம்பு வலை கூரை மேல் கட்டியிருந்தது. சல்லடை கோரலியின் மடியில் இருந்தது.

"ரெண்டு மாசம்" என்றார் மெர்வின், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டு மாசம் என்னத் தனியா விட்டுட்டுப் போற. சமைக்கிறது யாரு, துவைக்கிறது யாரு? நான் என்னதான் பண்றது?"

கோரலி அவர் விரல்களை ஒவ்வொன்றாக ஜன்னலிலிருந்து எடுத்து விட்டாள்.

"வண்டிக்குத் தன்னிறைவுச் சான்று வாங்கிக் குடுத்துட்ட, மெர்வின். இனி நீ ஒண்ணு வாங்கு."