பிரேக்குக்குள் புகுந்த காற்று

கோவண்டியில் எழுந்தருளியிருக்கும் மரியாதைக்குரிய மச்சான் ராஜகுமார் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன், தாராவி பூலோகம் கைகூப்பி எழுதிக்கொள்வது. அங்கு அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்பானாக. இங்கு நான் சுகமில்லை. தாங்கள் என் போனை எடுப்பதில்லை, வாட்ஸப்பிலும் கதவைச் சாத்திவிட்டீர்கள், ஆகவே பேனா பிடிக்க நேர்ந்தது. அங்கு வந்துவிட்ட என் மனைவி தங்கத்தாயைத் தயவு பண்ணித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே விண்ணப்பம்.

நான் அவளைக் கொல்லப் பார்த்ததாக பக்கத்து லேபர் கேம்ப் வரைக்கும் பேச்சு. அது அப்படியில்லை மச்சான். நம்ம முறுக்கு ஏற்றும் வேனில் ஏபிஎஸ் என்று ஒரு பெட்டி உண்டு, சடக்கென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். அதுக்குரிய மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது. மெக்கானிக் தௌசீப் பார்த்துவிட்டு, பெட்டி போச்சு மாமு, வேற போடணும்னான். நான் யூடியூப்ல பாத்தேன், ஒரு பஞ்சாப்காரன் பெட்டியையே கழத்தி எறிஞ்சுட்டுக் குழாயை எல்லாம் நேரா இணைச்சுட்டான், அதுவும் சிரிச்சுக்கிட்டே. "மத் கரோ மாமு", செய்யாதேன்னு தௌசீப் கெஞ்சினான். தங்கத்தாயும் வேண்டாம்னா. நான் கேப்பனா? கழத்திட்டேன்.

குழாயைக் கழத்துனா உள்ள காத்துப் புகுந்துரும். காத்து இருந்தா பெடல் பஞ்சாட்டம் அமுங்கும், வண்டி நிக்காது. அதை வெளிய எடுக்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் பெடலை அமுக்கிப் பிடிக்கணும், இன்னொருத்தர் கீழ படுத்துச் சக்கரத்துத் திருகைத் தொறந்து, ஆயிலு காத்து முட்டை விட்டுக்கிட்டு வந்ததும் மூடணும், மூடுன பெறவுதான் காலை எடுக்கணும். தங்கத்தாய் லைசென்ஸ் வாங்கி வச்சிருக்கா, நான்தான் சாவி குடுத்ததில்ல. அன்னைக்குத்தான் அந்த சீட்டுல உக்காந்தா. அமுக்கு, பிடி, விடுன்னு நான் சொல்லச் சொல்லச் செஞ்சா. கல்யாணம் ஆனதுலருந்து நான் சொல்லி அவ கேட்டது அந்த ஒருநாள்தான். பெடலுக்கு ரொம்பத் தூரத்துச் சக்கரத்துல, அதாவது இடது பின்சக்கரத்துல ஆரம்பிக்கணும்னு தௌசீப் போன்ல சொல்லியிருந்தான். எனக்கு மனசு ஒப்பல. வெள்ளிக்கிழமை அதுவுமா இடப்பக்கம், அதுவும் பின்னால ஆரம்பிச்சா வெளங்குமா? செத்த வீட்டுலதான் இடமாச் சுத்துவாவ. வலது முன்சக்கரத்துல தொடங்கி வலமா வந்தேன். "இது கோயில் இல்லங்க, வண்டி"ன்னா. "ஏட்டி, வாயை மூடு, பெடலை அமுக்கு"ன்னேன். முடிச்சு, சூடம் காட்டி, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, செம்பூருக்கு முறுக்கு ஏத்திக்கிட்டு ரெண்டு பேரும் கிளம்பினோம்.

நைன்ட்டி ஃபீட் ரோட்டுல பெடல் தரையைத் தொட்டுச்சு மச்சான், வண்டி நிக்கல. ஹேண்ட்பிரேக்கை நான் இழுக்கவும், வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேரா முகம்மது ஹனீப் பாய் மெத்தைக் கடையில போய் முட்டுச்சு. வாசல்ல மெத்தை அடுக்கி வச்சிருந்தாவ, பொழச்சோம். தங்கத்தாய் தலையெல்லாம் முறுக்குத் தூளு. பாய் ஓடி வந்து, "டீக் ஹை பேட்டி?", நல்லா இருக்கியாம்மான்னு அவகிட்டக் கேட்டாரு. நான் இறங்கிப் போய் பம்பரைப் பாத்தேன். அவ்வளவுதான், நான் செஞ்ச குத்தம் அது ஒண்ணுதான். அவ தலையைத் தட்டிவிட்டுக்கிட்டு, சயான் ஸ்டேஷனைப் பாக்க நடந்துட்டா.

இப்ப அடுப்புல எண்ணெய்ச் சட்டி கவுந்து கெடக்கு. மூணு வேளையும் நொறுங்குன முறுக்குதான் திங்கேன். வண்டியை ஆள் வச்சுத் தள்ளிக் கொண்டாந்து வாசல்ல போட்டிருக்கேன், பெடல் அமுக்க யாரைக் கூப்பிட்டாலும் கும்பிடு போட்டுட்டு ஓடுதான். ஆனா பிரேக்குக்காக நான் அவளைக் கூப்பிடல. வீட்டுல சண்டை போட ஆள் இல்லாம எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போல இருக்கு. அவ கையால ரெண்டு அடி வாங்குனாலும் தேவலை, அனுப்பி வைங்க.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். தங்கள் குடும்பம் ஆல் போல் தழைக்க வேண்டும், என்னையும் அதில் ஒரு விழுதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கு ஏங்கும்
பூலோகம்

பி.கு.: மேலே எழுதினது எதையும் படிக்க வேண்டாம். இப்பத்தான் தங்கத்தாய் வந்தா. வீட்டுக்குள்ள வரல, வாசல்லயே நின்னு, "வண்டிக்குக் கீழ போங்க, இடது பின்சக்கரம்"னா. கீழ போய்ப் படுத்தேன். தொறங்க, மூடுங்கன்னு அவ சீட்டுல உக்காந்து சொல்லச் சொல்லச் செஞ்சேன். கடைசிச் சக்கரம் முடியவும் பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. சந்தோஷமா முக்குக் கடையில டீ வாங்கிட்டு வாறதுக்குள்ள, முறுக்கு உரலும் எண்ணெய்ச் சட்டியும் வண்டியில ஏறியாச்சு. இனிமே கோவண்டியிலதான் முறுக்காம், அவதான் ஓட்டுவாளாம். வாசல்ல ஹாரன் அடிக்கா, சீக்கிரம் எழுதி முடிக்கச் சொல்லி. தபால் எதுக்கு, இதை அவ கையிலயே குடுத்து விடுதேன். ஏபிஎஸ் இல்ல, ரோட்டுல தண்ணி கெடந்தா மெள்ளப் போன்னு சொன்னேன், இன்னொரு ஹாரன்தான் அடிச்சா. மச்சான், வண்டி வந்து நின்னதும் பம்பரைப் பாத்துக்கிட்டு நிக்காதிய. முதல்ல அவளைப் பாருங்க.