சேறு படாத டயர்

சைக்கிள் என்று ஒன்று இருந்தால் அதற்குச் சக்கரம் இரண்டு, டயர் இரண்டு. இதில் உலகத்தில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இருக்க முடியாது என்றுதான் என் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டில் சைக்கிள் ஒன்று. டயர் பதினொன்று.

மாப்பிள்ளை பல் டாக்டர். தங்கமான மனுஷர், கைராசிக்காரர். பல்லைப் பிடுங்கும்போது பிடுங்கியதே தெரியாது. பில்லைப் பார்த்தால்தான் தெரியும். அவருக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் மலைச் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஊருக்கு வெளியே இருக்கிற மலையில் ஏறுவார். கல்லிலும் வேரிலும் குதித்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்து, "இன்னிக்கு அருமையா இருந்துச்சு அத்தை" என்பார்.

அந்த மலையில் வருஷத்துக்கு ஒரு பந்தயம். மாப்பிள்ளை கலந்துகொண்ட மூன்று வருஷமும் கடைசி. முதல் வருஷம் டயர் ஒல்லியாகப் போய்விட்டது. அடுத்த வருஷம் டயர் குண்டாகப் போய்விட்டது. மூன்றாவது வருஷம் டயர் சரியாக இருந்தது, உள்ளே இருந்த காற்றுதான் சரியில்லை. மாப்பிள்ளையின் கால் சரியாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் அப்படியெல்லாம் கேட்டால் மரியாதையாக இருக்காது.

டயர்களெல்லாம் பின்பக்கத்து அறையில் ஆணியடித்துத் தொங்கின. அந்த அறை எனக்கு என்று சொல்லித்தான் என்னை இந்த வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நான் கூடத்து சோபாவில் படுத்தேன். சோபா என்னைவிடக் குட்டை. கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கக்கூசுக்குப் போகிறவர் வருகிறவர் எல்லாம் இடித்துவிட்டு "ஸாரி" சொல்லிவிட்டுப் போவார்கள்.

வீட்டுக்கு வருகிற சைக்கிள் கூட்டாளிகள் என்னைக் கும்பிடுவதற்கு முன்னால் டயரைக் கும்பிடுவார்கள். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, கண்ணை மூடி, "ம்ம்" என்பார்கள். என்ன தெரிந்தது என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. ஒருநாள் காஸ் சிலிண்டர் போட வந்தவரும் போகிறபோக்கில் ஒரு டயரை அழுத்தி "ம்ம்" என்றுவிட்டுப் போய்விட்டார். மாப்பிள்ளைக்கு அன்று முழுக்க நிம்மதி இல்லை.

"அத்தை, அந்த 'ம்ம்' எப்படி இருந்துச்சு? நல்ல 'ம்ம்'மா, கெட்ட 'ம்ம்'மா?"

இந்த வருஷப் பந்தய அறிவிப்பு வந்த அன்று என் பெண் கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"இந்தத் தடவையும் கடைசின்னா, அத்தனை டயரும் வெளிய போகுது. அம்மா உள்ள போறாங்க."

"கடைசிக்கு ஒரு ஆள் முன்னாடி வந்துட்டா?"

"வந்துட்டா டயர் இருக்கட்டும். அம்மா சோபாவுலயே இருக்கட்டும்."

மாப்பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன். அன்று சாயங்காலமே பின்பக்கத்து அறை ஜன்னலுக்குத் திரைச்சீலையும் அளவெடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாப்பிள்ளை டயர் கடைக்குப் புறப்பட்டார். காய்கறி வாங்கக் கிளம்பிய நானும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூடவே போனேன். கடைக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்ததும் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார்.

"டாக்டர் சார், இன்னுமா குண்டு டயர் ஓட்டுறீங்க? அது போன மாசம்."

"ஒல்லி டயர் போயிடுச்சுன்னு நீங்கதானே குண்டு குடுத்தீங்க?"

"போச்சு சார். இப்பத் திரும்பி வந்திருக்கு. இப்ப எல்லாரும் முன்னாடி குண்டு, பின்னாடி ஒல்லி."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் தம்பி, முன்னாடி ஒல்லியும் பின்னாடி குண்டும் போட்டா என்ன?" என்றேன்.

கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது அடுத்த மாசத்துதும்மா. உங்களுக்கு யார் சொன்னது?"

மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து, புது டயரின் பட்டன்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மண்ணைக் கவ்வுவதற்காக ரப்பரில் கட்டை கட்டையாக எழுந்து நிற்குமே, அதுதான் பட்டன். மனுஷன் வாயில் ஒரு பல் போனால் "இன்னொண்ணு கட்டிக்கலாம்" என்று சிரிப்பார். டயரில் ஒரு பட்டன் தேய்ந்தால் இரண்டு நாள் சோறு இறங்காது. "ஒரு சொத்தைகூட இல்ல அத்தை" என்று நெகிழ்ந்துபோய் இரண்டு டயரையும் வாங்கினார்.

வாங்கினால் ஆயிற்றா? பந்தயக் குழுவில் தரை அதிகாரி என்று ஒருவர் உண்டு. பந்தயத்தன்று மலையின் தரை எப்படி இருக்கும் என்பதை ஒரு மாதம் முன்கூட்டியே முடிவு செய்து தரைக்கு அறிவிப்பது அவர் பொறுப்பு. அவர் அந்த வருஷம் "காய்ந்த தரை" என்று தீர்மானித்திருந்தார். ஆகவே காய்ந்த தரை டயர் மட்டுமே செல்லும். வரிசையில் நின்று நாங்கள் நீட்டிய டயரைக் கட்டைவிரலால் அழுத்தி "ம்ம்" சொல்லி, பக்கவாட்டில் சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

"சார், அன்னிக்கு மழை பெஞ்சா?" என்று பின்னால் நின்ற பையனொருவன் கேட்டான்.

"தாராளமா பெய்யட்டும். மழைக்கும் எனக்கும் ஒரு தகராறும் கிடையாது."

"தரை சேறாயிடுமே சார்?"

"அப்படி ஆறதா இருந்தா முன்கூட்டியே தெரிவிச்சிருக்கணும்."

"யாரு சார் தெரிவிக்கணும்?"

"சம்பந்தப்பட்ட மழைதான்."

சம்பந்தப்பட்ட மழை யாருக்கும் தெரிவிக்காமல் பந்தயத்துக்கு முந்தின நாள் பிடித்துக்கொண்டது. விடிய விடியக் கொட்டியது. காலையில் நானும் என் பெண்ணும் குடையோடு மலையடிவாரத்தில் போய் நின்றபோது, பாதை இருந்த இடத்தில் இட்டிலி மாவு மாதிரி சேறு பொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் தரை அதிகாரி முழங்கால்வரை புதைந்து, கையில் ஒலிபெருக்கியோடு நின்றார். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு செருப்பு எங்கோ கீழே இருந்தது.

பந்தயக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "சார், சேத்து டயர் மாத்திக்கிறோம், கார்லயே வெச்சிருக்கோம்."

"எந்தச் சேறு?"

"சார், நீங்களே அதுலதான் நிக்கிறீங்க!"

"நான் நிக்கிறது என் சொந்த விஷயம். பந்தயத் தரை காஞ்சிருக்கு."

"கொஞ்சம் குனிஞ்சு பாருங்க சார்."

"குனிஞ்சு பாக்கத் தனி அதிகாரி வேணும். இந்த வருஷம் அந்தப் பதவிக்கு ஆள் போடல." ஒரு காலை உருவப் பார்த்தார், வரவில்லை. "தயவுசெஞ்சு யாராவது கை குடுங்க. இது பதவி சார்பான வேண்டுகோள் இல்ல."

அவரை இழுத்து மேட்டில் போட்டுவிட்டு எல்லாரும் கோட்டுக்கு வந்தார்கள். விசில் ஊதினார்கள். அத்தனை பேரும் மிதித்தார்கள். முதல் வளைவு தாண்டவில்லை. சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் சேறு அடைத்து, சைக்கிளெல்லாம் சொல்லிவைத்தாற்போல் நின்றன. ஓட்டினவர்கள் மட்டும் நிற்காமல் போய் விழுந்தார்கள். விழுந்தவர்கள் எழுந்திருக்க வேண்டாமோ? உட்கார்ந்த இடத்திலேயே ஒருத்தர் டயரை ஒருத்தர் அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ம்ம். உனக்குக் காத்து ஜாஸ்தி."

"போய்யா, உனக்குத்தான் கம்மி."

மாப்பிள்ளை மட்டும் இன்னும் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். சேற்றைப் பார்க்கிறார், டயரைப் பார்க்கிறார். பெண்ணைக் கொடுத்தபோது நான் அழுத மாதிரி ஒரு முகம்.

"ஏங்க! கிளம்புங்க!" என்று கத்தினாள் என் பெண்.

"புது டயர்மா!"

"அதுக்கு?"

"எப்படிம்மா இதுல இறக்குறது?"

அவருக்கு மனசு வரவில்லை. சைக்கிளை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற மாதிரி ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார். விழுந்து கிடந்தவர்களிடம் "கொஞ்சம் நகருங்க, கொஞ்சம் நகருங்க, பட்டன்ல பட்டுடும்" என்று கெஞ்சிக்கொண்டே அத்தனை பேரையும் தாண்டி மலைக்கு அந்தப்பக்கம் போனார். மத்தியானம் முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியாத கோலத்தில், தோளில் பளபளக்கிற சைக்கிளோடு முடிவுக் கோட்டைத் தாண்டினார். அவர் வந்து ரொம்ப நேரம் கழித்து மற்றவர்கள் சைக்கிளை இழுத்தும் உருட்டியும் வந்து சேர்ந்தார்கள்.

வந்ததும் சண்டை. "அவர் ஓட்டவே இல்ல சார்!"

தரை அதிகாரி விதியைச் சொன்னார். "போட்டியாளரும் சைக்கிளும் சேர்ந்து கோட்டைக் கடக்கணும். அவ்வளவுதான். யார் மேல யாருங்கிறது அவங்க குடும்ப விஷயம்."

பிறகு மாப்பிள்ளையின் டயரைப் பார்க்கக் குனிந்தார். தனி அதிகாரி இல்லாத குறையை மறந்து, நன்றாகவே குனிந்தார். பட்டனில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. சிவப்புச் சாயம் வைத்தது வைத்தபடி இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தீங்களா! தரை காஞ்சிருக்குன்னு நான் ஒருத்தன் சொன்னேன். ஒருத்தராவது நம்பினீங்களா? இதோ இந்த டயர் முழுப் பாதையும் போயிட்டு வந்திருக்கு. எங்கய்யா சேறு?"

"அப்ப எங்க டயர்ல இருக்கிறது என்ன சார்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். பந்தயம் காஞ்ச தரையில. உங்க டயர்ல சேறு. அப்படின்னா நீங்க ஓட்டினது வேற எங்கயோ." ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார். "அனுமதிக்கப்பட்ட தரையை விட்டு விலகிச் சென்ற குற்றத்துக்காக மற்ற அனைவரும் நீக்கம்!"

ஒரே ஆளாக மாப்பிள்ளை முதலாவதாக வந்தார். கணக்குப்படி பார்த்தால் கடைசியாகவும் அவர்தான் வந்தார். இதை என் பெண்ணின் காதில் லேசாகப் போட்டுப் பார்த்தேன். "போம்மா, அவரே இப்பத்தான் சிரிக்கிறாரு" என்றுவிட்டாள். நான் திரைச்சீலைக்கு வாங்கிவைத்திருந்த துணியைத் தலையணைக்கு உறையாகத் தைத்துக்கொண்டேன்.

மறுவாரம் டயர் கடை வாசலில் ஆளுயரத்துக்கு விளம்பரம்: "சேறே ஒட்டாத டயர்! முதலிடம் வென்றது!" பக்கத்தில் மாப்பிள்ளையின் முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற படம். நீக்கப்பட்டவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று வாங்கினார்கள். வாங்கினவர்கள் இப்போது காலையில் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு தெருத்தெருவாக நடக்கிறார்கள். அதற்கென்று தோளில் வைக்கிற மெத்தையும் வந்துவிட்டது. போன மாதம் குண்டு மெத்தை, இந்த மாதம் ஒல்லி மெத்தை.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். "மாப்பிள்ளை, உண்மையச் சொல்லுங்க. அந்த டயர் தரையிலயே படலையே?"

"அதான் அத்தை அந்த டயரோட அருமை" என்றார், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

இந்தப் பைத்தியங்களுக்கு நடுவில் ஒரு ஆளாவது புத்தியோடு இருக்க வேண்டும் என்று நானும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். என் கைத்தடியின் அடியில் மாட்டுகிற ரப்பர் தேய்ந்துபோய், புதுசு ஒன்று வாங்க அந்தக் கடைக்குப் போனேன். வேறெதற்கும் இல்லை.

"எந்தத் தரைக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுல சிமெண்டுத் தரை தம்பி. தெரு கொஞ்சம் மண்ணு" என்று ஆரம்பித்தேன். அவர் மூன்று ரப்பரை எடுத்து வைத்தார். நான் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தினேன். என்னை அறியாமலே வாயிலிருந்து "ம்ம்" வந்தது.

மூன்றையும் வாங்கிவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு. ஊன்றினால் வீணாகிவிடுமே என்று கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் இப்போதெல்லாம் நடக்கிறேன். நேற்றுக் கடைத்தெருவில் வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. நல்லவேளை, ரப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை.